நிறுத்திய பத்தாம் நாள் வருகிறவர்கள்

சிகரெட்டை விட முடியவில்லை என்று வந்தவர்களைவிட, விட்ட பிறகு பயந்துபோய் வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கிள்ளானில் ஓர் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருந்தபோது, புகை நிறுத்தும் பிரிவு என்பது வாரத்தில் ஒரு பிற்பகல், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஊதிப் பார்க்கும் ஒரு கருவி, அவ்வளவுதான். காப்பார், மெரு பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் என்னைக் கடைசிவரை 'டிரெஸ்ஸர்' என்றே கூப்பிட்டார்கள். துறைமுகத்து ஆட்கள் 'டாக்டர்' என்பார்கள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாட்டின் காற்பந்துக் கிண்ணமே டன்ஹில் பெயரில் நடந்தது. மைதானத்தில் விளம்பரம், தொலைக்காட்சியில் விளம்பரம், கிளினிக் வாசலில் நிற்கும் நோயாளியின் சட்டைப் பையில் பாக்கெட். 2004-ல் 'தாக் நாக்' என்ற புகை எதிர்ப்புப் பிரச்சாரம் வந்த பிறகுதான், விட வேண்டும் என்று தானாகக் கேட்டு வருகிறவர்கள் கொஞ்சம் கூடினார்கள். அவர்களுக்கு நாங்கள் கொடுத்த தாளில் நல்ல செய்தி மட்டுமே இருக்கும். இருபது நிமிடத்தில் நாடித்துடிப்பு இறங்கும், ஓரிரு நாளில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இல்லாமல் போகும், ஓராண்டில் மாரடைப்பு அபாயத்தின் கூடுதல் பகுதி பாதியாகும். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த இருபது நிமிடத்துக்கும் ஓராண்டுக்கும் நடுவில் உடம்பு என்னென்ன செய்யும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அந்த இடைவெளியில்தான் ஆள் அகப்பட்டுக்கொள்வார்.

முதலில் வருவது இருமல். சிகரெட்டை நிறுத்தினால் இருமல் நிற்க வேண்டும், இதென்ன கூடுகிறது என்று முகம் வெளுத்து வந்து உட்கார்வார்கள். வட துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர், வயது நாற்பதுக்கு மேல், கைக்குட்டையில் பழுப்பு நிறச் சளியைப் பிடித்துக்கொண்டு வந்து மேசைமேல் விரித்தே விட்டார். "இருபது வருசம் குடிச்சேன், ஒண்ணும் ஆகல. விட்டு எட்டு நாள்ல நுரையீரல் அழுகிப்போச்சு டாக்டர்." மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மிக நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன; சளியையும் தூசியையும் மேல்நோக்கித் தள்ளுவது அவற்றின் வேலை; புகை அவற்றை முடக்கிப்போடுகிறது; புகை நின்றதும் சில நாளில் மறுபடி அசையத் தொடங்குகின்றன என்று படம் வரைந்து சொன்னேன். படத்தைப் பார்க்காமல் கொஞ்சம் யோசித்தார். "கன்வேயர் பழுதாகிக் கிடந்து திரும்ப ஓடினா, மேல கிடந்த அழுக்கெல்லாம் ஒரே நேரத்துல வந்து கொட்டும், அதானே?" அதற்குப் பிறகு நான் படம் வரைவதை விட்டுவிட்டு, துறைமுகத்திலிருந்து யார் வந்தாலும் அவர் சொன்னதையே சொன்னேன்.

சொல்லிவிட்டு அவரைச் சும்மா அனுப்பவில்லை, சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய் பார்க்க வேண்டும் என்பது இங்கே விதி. சிலாங்கூரில் அது பழங்கதையாகிப் போன நோய் இல்லை. விட்டதால் வரும் இருமல் சில வாரத்தில் தானாக அடங்கும். இரத்தம் வந்தாலோ, மாலையில் காய்ச்சல் அடித்தாலோ, எடை இறங்கினாலோ அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் ஆள் நம்புவார். "ஒண்ணும் இல்ல, போங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர், வாசலைத் தாண்டியதும் ஒன்று பற்றவைப்பார்.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இந்த இருமல் வேறு வேடம் போட்டது. கடைக்குப் போக முடியாமல், வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் ஊத முடியாமல், பலர் அந்த மாதத்தில்தான் விட்டார்கள். இரண்டாவது வாரம் இருமல் தொடங்கியது. வீட்டார் இருமுகிறவரை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். தட்டு வாசலில் வந்தது. தொலைபேசியில் அழுத ஒருவரிடம், காய்ச்சல் உண்டா, வாசனை தெரிகிறதா என்று கேட்டேன். "வாசனை தெரியுதாவா? பக்கத்து வீட்டுல சம்பல் வதக்கறது இங்க நாறுது" என்றார். நானே சிரித்துவிட்டேன். ஆனாலும் சோதனைக்கு அனுப்பினோம், தொற்று இல்லை.

வாசனை திரும்புவது எல்லாரும் சொல்லும் நல்ல செய்தி. அனுபவிக்கிறவருக்கு அது அவ்வளவு நல்லதாக இருப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த ஒரு லோரி ஓட்டுநர், வண்டிக்குள் செத்த எலி கிடக்கிறது என்று இருக்கையைக் கழற்றித் தேடியிருக்கிறார். எலி இல்லை. அவருடைய பழைய புகைதான் துணியில் ஊறிக் கிடந்தது. மனைவி வைக்கும் ரசத்தில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டவர்களும் உண்டு. அதே உப்பைத்தான் அந்த அம்மாள் இத்தனை வருடமும் போட்டுவந்தார்.

அந்த ஊதும் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஸ்மோக்கர்லைசர். உள்ளங்கையில் அடங்கும். மூச்சை ஆழமாக இழுத்து, பதினைந்து விநாடி அடக்கி, அட்டைக் குழாயில் நிதானமாக, நெஞ்சு காலியாகும்வரை ஊத வேண்டும். திரையில் எண் ஏறும். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் குடிப்பவர் ஊதினால் 20, 25 என்று போய்ச் சிவப்பு விளக்கு எரியும். கார்பன் மோனாக்சைடு இரத்தத்திலிருந்து பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் போதும் என்பதால், முழுதாக இரண்டு நாள் விட்டவர் ஊதினால் மூன்றோ நான்கோதான் காட்டும், பச்சை எரியும். முதல் வாரத்தில் உடம்பு சொல்வதெல்லாம் கெட்ட செய்தியாக இருக்கும்போது, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே நல்ல செய்தி இதுதான். அறுபது வயதுக்காரர்கள் அந்தப் பச்சை விளக்கைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். கோயில் மடப்பள்ளியில் விறகடுப்பில் சமைக்கும் ஒருவருக்கு மட்டும் எண் இறங்கவே இல்லை. பொய் சொல்கிறார் என்று பக்கத்து மேசையில் முணுமுணுத்தார்கள். அடுப்பு வேலை இல்லாத நாளில் வரச் சொன்னேன், பச்சை எரிந்தது.

பல வருடம் யாரும் கவனிக்காமல் போன விஷயம் கோப்பி. விட்ட இரண்டாம் வாரம் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, இரவில் கண் மூடவில்லை என்பார்கள். எல்லாம் நிக்கோட்டின் இல்லாத கோளாறு என்று நாங்கள் அதிலேயே சேர்த்துவிடுவோம். புகையிலுள்ள தார் வகைப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. காபினைக் கரைத்து வெளியேற்றுவதும் அதே நொதிதான். புகை நின்ற ஒரு வாரத்தில் அந்த நொதி தன் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் அதே கோப்பி உடம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பி-ஓ குடிக்கிறவர் பத்து குடித்தது மாதிரி ஆகிவிடுகிறார். நம் ஊர்க் கோப்பி இலேசானதும் கிடையாது. பாதியாகக் குறையுங்கள் என்று சொன்ன பலருக்கு நாலைந்து நாளில் தூக்கம் வந்துவிட்டது. சிகரெட்டையும் விடு, கோப்பியையும் விடு என்றால் மனிதன் எதற்கு மாமாக் கடைக்குப் போவது என்று ஒருவர் கேட்டார். விடச் சொல்லவில்லை ஐயா, பாதி என்றுதான் சொன்னேன் என்றேன்.

இதே நொதிதான் மனநல மருந்துகள் சிலவற்றையும் கரைக்கிறது; குளோசபின், ஒலான்சபின் போன்றவை. அந்த மாத்திரை சாப்பிடுகிற பையனைத் தாய் ஒருத்தி சிகரெட்டை விட வைக்க அழைத்து வந்தார். நாள் குறிப்பதற்கு முன்னால் மாத்திரை எழுதிய மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். விட்ட பிறகு அதே அளவு மருந்து உடம்பில் கூடிவிடும். பையனுக்கு மயக்கமும் எச்சில் வடிவதும் வந்தால், விட்டதால் வந்த சோம்பல் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

எரிச்சலைப் பற்றி மனைவிமார்களைத்தான் கேட்க வேண்டும். நிக்கோட்டின் இரண்டு மூன்று நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். அந்த இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். "சார், அவருக்கே ஒரு பாக்கெட் வாங்கிக் குடுத்துர்றேன், வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்" என்று சொன்ன அம்மாள்கள் உண்டு. மூன்று நான்கு வாரத்தில் தணியும் என்பதை நோயாளியிடம் சொல்வதைவிட அவர்களிடம் சொல்வது பலன் தந்தது. தேதி தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள். நிக்கோட்டின் வில்லை ஒட்டிக்கொண்டே படுத்தவர்களுக்கு இரவில் விசித்திரமான கனவு வரும். செத்துப்போன அப்பா வந்து சிகரெட் கேட்டார் என்று ஒருவர் பரிகாரம் செய்யக் கிளம்பிவிட்டார். படுக்கும் முன் வில்லையைக் கழற்றச் சொன்னேன். அப்பா வருவது நின்றது.

வயிறு. இதை வெட்கப்பட்டு யாரும் முதலில் சொல்வதில்லை. காலையில் ஒன்று பற்றவைத்தால்தான் வயிறு இளகும் என்று முப்பது வருடம் பழகிய உடம்பு. நிக்கோட்டின் குடலை அசைத்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் குடலும் நின்றது போல ஆகிவிடும். ஆறு பேரில் ஒருவருக்காவது மலச்சிக்கல் வரும். வெந்நீர், பப்பாளி, கீரை, நடை. அதற்கு மேல் பெரிய வைத்தியம் இல்லை.

வாய்ப்புண் இன்னும் அதிகம், பத்தில் நான்கு பேருக்கு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வந்து தானாக ஆறும். இதைப் பார்த்துப் புற்றுநோய் என்று நடுங்குவது எங்கள் மக்களிடம் அதிகம், காரணமும் இருக்கிறது. இந்த நாட்டில் வாய்ப்புற்று இந்தியர்களிடம்தான் கூடுதல். தோட்டத்தில் வெற்றிலை பாக்குடன் புகையிலை போட்ட தலைமுறை அது. அதனால் ஆறாத புண்ணை, மூன்று வாரம் தாண்டிய புண்ணை, வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடித்த இடத்தைப் பல் மருத்துவரிடம் காட்டாமல் விட்டதில்லை.

இனிப்பு வேறு தொல்லை. கை சும்மா இருக்காது, வாய் சும்மா இருக்காது. சட்டைப் பையில் பாக்கெட் இருந்த இடத்தில் ஹேக்ஸ் மிட்டாய் வந்து உட்காரும். விட்ட முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறும், அதில் ஒரு கிலோ முதல் மாதத்திலேயே. 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அப்படிப்பட்ட சமூகத்தில் மிட்டாயை மருந்தாகச் சொல்ல எனக்கு மனம் வராது. கிராம்பும் ஏலக்காயும் சொல்வேன். நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்தால் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்று, சாற்றை விழுங்கி, விக்கலும் வயிற்றெரிச்சலுமாக வந்து நிற்பார்கள். நாலு மெல்லு மென்று, காரம் தட்டியதும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள், காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள் என்று முன்னால் உட்காரவைத்து மெல்லச் செய்து பார்த்துத்தான் அனுப்புவேன். கோப்பி குடித்த கையோடு மென்றால் ஏறாது, கால் மணி நேரம் விட வேண்டும்.

இந்தப் பயங்களிலெல்லாம் நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதது நெஞ்சு. விட்ட வாரங்களில் நெஞ்சு இறுக்கம் பலருக்கு வரும். இருமி இருமித் தசை வலிக்கும். பதற்றத்தில் மூச்சை வேகமாக இழுத்து விரல் நுனி மரத்துப்போகும். பண்டமாரானில் பட்டறை வைத்திருந்த ஒருவர் ஒன்பதாம் நாள் வந்தார். நீரிழிவு உண்டு. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தபோதே, முன்பு விட்டவர்கள் நாலு பேர் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டார்கள்: "எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு அண்ணே, ரெண்டு வாரத்துல சரியாயிரும்." எப்போது வருகிறது என்று கேட்டேன். படி ஏறும்போது. உட்கார்ந்தால்? போய்விடுகிறது. தாடை வலிக்கிறதா என்றதற்குத் தலையை ஆட்டினார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. உள்ளே அழைத்துப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தோம்; மருத்துவர் தாளைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்; தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் போனார். பிழைத்து வந்தார்.

சங்கடம் அதற்குப் பிறகுதான். சிகரெட்டை விட்டதால்தான் இரத்தக்குழாய் அடைத்தது என்று அவர் நம்பினார். பட்டறைக்கு வருகிற எல்லாரிடமும் சொன்னார். அந்தத் தெருவிலிருந்து எங்களிடம் ஆள் வருவது கொஞ்ச காலம் நின்றே போனது. முப்பது வருடம் சேர்ந்த அடைப்பு ஒன்பது நாளில் வந்ததில்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏற, அவருடைய தம்பி, விடாமல் குடித்த தம்பி, அதே நோயில் விழ வேண்டியிருந்தது.

கார்த்திகை பிறந்தால் எனக்கு வேறு விதமான ஆட்கள் அறிமுகமாவார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள். நாளுக்கு முப்பது சிகரெட் ஊதியவர், மாலை விழுந்த நிமிடம் நிறுத்தி, 48 நாள் தொடாமல் இருப்பார். தைப்பூச விரதத்திலும் அப்படியே. பத்துமலைக்குக் காவடி எடுப்பவர்களிடம் கேட்டால் தெரியும். எப்படி முடிந்தது என்றால், "மாலை போட்டா தேடவே தேடாது" என்பார்கள். இதை வெறும் பக்தி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இஸ்ரேலில் விமானப் பணியாளர்களிடம் செய்த ஓர் ஆய்வு உண்டு. மூன்று முதல் ஐந்தரை மணி நேரப் பயணத்தின் முடிவில் வந்த சிகரெட் தவிப்பு, பத்து மணி நேரத்துக்கும் மேலான பயணத்தின் நடுவில் வந்ததைவிட அதிகம். இறங்கப் போகிறோம், கிடைக்கப் போகிறது என்று தெரிந்தால்தான் மனம் தேடுகிறது.

நான் கவனித்த இன்னொன்று, மாலை போட்டவர்களுக்கும் இருமல் வருகிறது, வயிறு கட்டுகிறது, வாய் புண்ணாகிறது. ஒருவரும் பயந்து வருவதில்லை. விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியலால் இருமல், சைவச் சாப்பாட்டால் வயிறு, விரதச் சூட்டால் வாய்ப்புண். எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு காரணம் இருக்கிறது, காரணம் சரியோ தவறோ. எங்கள் தாளில் இல்லாதது அதுதான். பிறகு நானும் என் நோயாளிகளுக்கு முதல் நாளிலேயே சொல்லத் தொடங்கினேன்: எட்டாம் நாள் வாக்கில் இருமுவீர்கள், வாய் புண்ணாகலாம், நெஞ்சு படபடத்தால் கோப்பியைப் பாதியாக்குங்கள், படியேறினால் நெஞ்சு பிடிக்கிறது என்றால் உடனே வாருங்கள். பத்தாம் நாள் முகம் வெளுத்து வருகிறவர்கள் குறைந்தார்கள்.

மாலை போட்டவர்கள் தவறுவது சபரிமலையிலிருந்து திரும்பும் வழியில். மாலையைக் கழற்றிய மாலையே விருந்து, கூட்டாளிகள், ஒரே ஒரு சிகரெட். உடம்பின் தேவை முடிந்து வாரக்கணக்கான பிறகு இது. குருசாமிகள் சிலரிடம் பேசி, மலைக்குக் கிளம்பும் முன்பே தங்கள் சாமிகளை எங்களிடம் அனுப்பச் சொன்னேன். சிலர் வந்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கிளினிக்கில் வாரம் சில மணி நேரம் உட்கார்கிறேன். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து உணவுக் கடைகளில் புகைக்கக் கூடாது என்று ஆனபின், துன் சம்பந்தன் சாலையில் பழைய ஆட்கள் கடைக்கு மூன்று மீட்டர் தள்ளி வெயிலில் நிற்கிறார்கள். அதற்கே வெறுத்துப்போய் விட்டவர்களும் இருக்கிறார்கள். இளைஞர்கள் வேறு வழியில் போய்விட்டார்கள். 2023 மார்ச் 31-ல் வேப் திரவத்திலுள்ள நிக்கோட்டினை விஷப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வர 2024 அக்டோபர் ஆனது. அந்த இடைவெளியில் தொடங்கியவர்கள் இப்போது என்னிடம் வருகிறார்கள்.

போன மாதம் வந்த பையனுக்கு வயது இருபதுக்குள். வேலை இடத்தில் மேலதிகாரி அனுப்பியிருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால் அவனிடம் எண்ணிக்கை இல்லை. எண்ணுகிற மாதிரிப் பொருளும் இல்லை. பழக்கத்தில் கருவியை எடுத்து ஊதச் சொன்னேன். எதுவும் எரிவதில்லை என்பதால் கார்பன் மோனாக்சைடும் இல்லை. திரையில் 2, பச்சை விளக்கு. "பாத்தீங்களா அங்கிள், நான் கிளீன்" என்றான். இருமல் கிடையாது, சளி கிடையாது. போன வாரம் இரண்டு நாள் நிறுத்திப் பார்த்ததில் கை நடுங்கி, தலை வலித்து, தாய்மீது எரிந்து விழுந்ததை மட்டும் இன்ஃபுளுவென்சா என்று நினைத்திருக்கிறான். வேப் எங்கே இருக்கும் என்று கேட்டேன். தலையணைக்கு அடியில். நடு ராத்திரி முழித்தால்? "ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத்தான் தூங்குவேன்." கருவியை மேசை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு, அந்தப் பதிலிலிருந்து ஆரம்பித்தேன்.